ரெய்னோவின் காரை ஏற்ற வந்தவன்

போன வாரம் லெம்பியைச் சமையலறையில் விட்டுவிட்டு வந்தோம். டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. எடுக்காததால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. புரோக்கர் டிரெவர் ஒன்பது நாளாகச் சொன்னதையேதான் அன்றும் சொல்லியிருப்பான். "நாளைக்கு லாரி வந்துடும் மேடம், கவலையே படாதீங்க."

இன்று வெள்ளிக்கிழமை, பத்தாவது நாள். இனி அவன் நாளை என்று சொல்ல முடியாது. நாளை மாலை பனிப்புயல் என்று ரேடியோ விடிந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டது. பனி விழுந்துவிட்டால் கார் ஏற்றுகிற லாரி எதுவும் தூக்குப் பாலத்தைத் தாண்டி நம் ஹான்காக் ஊருக்கு மேடேறி வராது. அப்புறம் ஏப்ரலில்தான்.

கங்காஸ் வீட்டு நிலவரத்தை மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. லெம்பியின் கணவர் ரெய்னோவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரை வியாதி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போன குளிர்காலத்தில் பனி பாதையை மூடி மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. மூன்றாவது முறை அவர் பிழைத்ததே பெரிய விஷயம். இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வழி இரண்டுதான். ஒன்று, பனியே விழாத ப்ளோரிடாவில் லேக் வொர்த் ஊரில் லெம்பியின் தங்கை விட்டுப்போன சின்ன வீடு. நம் சர்ச்சுக்காரர்களில் பாதிப் பேர் குளிர்காலத்துக்கு அங்கேதான் போகிறார்கள். ஆனால் லெம்பிக்குக் கண் மங்கிவிட்டது, கார் ஓட்ட முடியாது. மகள் ஹைடி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கூடப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பியாக வேண்டும். டயாலிசிஸுக்கு ரெய்னோ தானே ஓட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. அதற்குக் கையாலேயே வேகமும் பிரேக்கும் போடும்படி லிவர் வைத்த அந்தப் பழைய ப்யூக் கார் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வழி, ஆஸ்பத்திரியை ஒட்டிய முதியோர் இல்லம். அங்கே ரெய்னோவுக்கு மட்டும்தான் கட்டில். ஐம்பத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்த லெம்பி, கண் தெரியாமல் இந்த வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

ஆக, இன்று கார் ஏறினால் ப்ளோரிடா, ஏறாவிட்டால் இல்லம். இல்லத்தின் விண்ணப்பம் பூர்த்தியாகி ஹைடியின் கைப்பையில் மடித்து இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? ராட்னி சால்மியிடம் சொன்னால் போதாதா?" என்று ஊரில் யாரும் கேட்பார்கள். நியாயம்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் ராட்னி தன் சொந்த லாரியில் ஆறு காரை ஏற்றிக்கொண்டு லேக் வொர்த்துக்குப் போகிறான். ஒரு போன் போட்டால் பெயரை எழுதிக்கொள்வான். நடுவில் ஆள் கிடையாது. என்ன ஆனாலும் கேட்பதற்கு அவன் முகம் ஒன்றுதான்.

அந்த முகத்தைத்தான் கங்காஸ் வீட்டில் பார்க்க மாட்டார்கள். ராட்னி இந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் கடைசியில், உறைந்திருந்த கால்வாய் மேல் மீன் பிடிக்கப் பிக்கப் வண்டியை ஓட்டிப் போனான். பக்கத்தில் மகன் ஆர்வோ, பதினோரு வயது. ஐஸ் உடைந்தது. ராட்னி மேலே வந்தான், பிள்ளை வரவில்லை.

"அந்த ஐஸ் தாங்கும்னு உனக்கு யாரு சொன்னது?" என்று ஹைடி அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நானேதான் பாத்தேன்" என்றான். ஷெரிஃபிடமும் அதையேதான் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருஷம் ஹைடி அவனை விட்டுப் பிரிந்துவிட்டாள்.

அதனால்தான் ஹைடி கம்ப்யூட்டரில் தேடி டிரெவரைப் பிடித்தாள். டிரெவரிடம் லாரி கிடையாது. டெலிபோன் உண்டு, தேன் ஒழுகுகிற குரல் உண்டு. நம் காரின் பெயரையும் ஊரையும் லாரிக்காரர்கள் கம்ப்யூட்டரில் பார்க்கிற பொதுப் பலகை ஒன்றில் போட்டுவிட்டு, எவனாவது எடுப்பானா என்று அவனும் நம்மோடு சேர்ந்து காத்திருப்பான். கல்யாணத் தரகராவது மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டுவார். இந்தத் தரகில் வருகிறவன் யார் என்று அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் நமக்குத் தெரியும்.

பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. ஹைடி எடுத்தாள்.

"மேடம், நல்ல செய்தி!"

"பத்து நாளா நல்ல செய்திதான் சொல்றீங்க டிரெவர். லாரி எங்க?"

"இந்தத் தடவை நிஜமாவே மேடம். டிரைவர் ஒத்துக்கிட்டார். மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க வாசல்ல நிப்பார்."

"போன செவ்வாய்க்கிழமையும் இதே ரெண்டு மணிதான்."

"அந்த ஆள் வேற. க்ரீன் பே ஊரைத் தாண்டி ஒரு அடி வரமாட்டேன், வண்டியை அங்க கொண்டு வாங்கன்னுட்டார். இவர் உங்க பக்கத்து ஆளாம் மேடம். யாருமே தொடாத சரக்கை ஒரு பேரம் பேசாம எடுத்துக்கிட்டார். எனக்கே ஆச்சரியம்!"



"பேரு?"

"இருங்க... சால்மி. ஆர். சால்மி. தெரிஞ்சவரா?"

"ஆளை மாத்துங்க."

"மேடம்?"

"வேற டிரைவர் போடுங்க. இவர் வேணாம்."

டிரெவரின் தேன் வற்றிப்போய், சாதாரணக் குரல் ஒன்று வந்தது.

"மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். வேற டிரைவர் இல்ல. நானும் மேப்பைப் பாத்தேன். உங்க ஊருக்கு அந்தப் பக்கம் ஏரிதான் இருக்கு. அவ்வளவு தூரம் வந்து காலி வண்டியோட திரும்ப எவனுக்கு மனசு வரும்? இவரை விட்டா நான் கையை விரிக்க வேண்டியதுதான்."

பத்து நாளில் அவன் பேசிய முதல் உண்மை அது. அதைக் கேட்கத்தானா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று ஹைடிக்கு ஆத்திரமாக வந்தது.

லெம்பி மேஜையில் ஏலக்காய் ரொட்டிக்கு மாவைப் பின்னிக்கொண்டிருந்தாள். கண் போன பிறகு எல்லாவற்றையும் விரலால்தான் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்கு இரண்டு ரொட்டி, கூடுதலாக ஒன்று. அந்த ஒன்றை நீலக் கட்டம் போட்ட துணியில் சுற்றிச் சர்ச்சுக்குக் கொண்டுபோவாள்.

"யாரு வராங்களாம்?"

"ராட்னி."

"வோய் வோய்" என்றாள் லெம்பி. ஆனால் விரல் பின்னுவதை நிறுத்தவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட நீ சொல்றியா?"

"ஐம்பத்திரண்டு வருஷமா நான் சொல்லி அந்த மனுஷன் எதைக் கேட்டுச்சு? நீயே போய்ச் சொல்லு."

ரெய்னோ விடிந்ததும் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதில் பார்த்தால் சரிவில் இறங்கும் பாதையும் அதன் அடியில் கால்வாயும் தெரியும். ஆறு வருஷமாக அவர் நாற்காலி அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கிறது.

"அப்பா, லாரி கிடைச்சிடுச்சு."

"அப்பாடா!" அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க ஹைடிக்குப் பாவமாக இருந்தது. "எந்த ஊர்க்காரன்?"

"நம்ம ஊர்தான். ராட்னி."

ரெய்னோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லிடு."

"சொல்லிப் பாத்துட்டேன். வேற யாரும் இல்ல."

"அப்ப நான் இல்லத்துக்கே போறேன். பைக்குள்ள ஒரு காகிதம் வச்சிருக்கியே, கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

"அப்பா!"

"பத்து நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன். கால்தான் போச்சு, கண்ணு போகல. கொண்டா."

ஹைடிக்கு வந்ததே கோபம்! "அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்றதா இருந்தா அது நான் சொல்லணும். என் வயித்துல பொறந்த பிள்ளை. நானே கல்லு மாதிரி நின்னு அவன் லாரியில கார் ஏத்தறேங்கறேன், உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க அங்க போய்ப் படுத்துட்டா அம்மா கதி என்ன? அடுப்பு எரியுதா அணைஞ்சுதான்னு தெரியாம நிக்கறா. யோசிச்சீங்களா?"

"என்னால அவன் முன்னால நிக்க முடியாது ஹைடி."

"யாரு உங்களை நிக்கச் சொன்னா? உள்ளயே உக்காந்திருங்க. நான் பாத்துக்கறேன். ஆறு வருஷமா ஒரு மனுஷன் மேல இவ்வளவு வெறுப்பைப் பத்திரமா வச்சிருக்கீங்களே, அதுவே அதிசயம்தான்."

இல்லாத காலின் இடத்தை ரெய்னோ உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வலித்தால் அப்படிச் செய்வார். ஹைடியும் வலிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு என்ற லாரி ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. லாரியில் ஐந்து கார் ஏறியிருந்தது. பாதிரியாரின் டொயோட்டா, லெஹ்டோ சகோதரிகளின் பச்சைக் கார், எல்லாமே சர்ச் வாசலில் வாராவாரம் பார்க்கிற வண்டிகள். நேராகப் பேசி ஏற்றியவை. பின்பக்கம் கீழே ஓர் இடம் மட்டும் காலி.

ராட்னி இறங்கினான். தாடி நரைத்திருந்தது. நாற்பத்தாறு வயதுக்கு அது அதிகம் என்று ஹைடிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"யார் வீடுன்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"பலகையில ஆள் பேரு வராது. ப்யூக், கை லிவர் வச்சது, ஹான்காக்னு மட்டும் இருந்துச்சு. இந்த ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு அது?"

"தெரிஞ்சும் எதுக்கு எடுத்தே?"

"வேற எவனாவது எடுத்துருவான்னு தினமும் பாத்துட்டே இருந்தேன். யாரும் எடுக்கல. நாளைக்குப் புயல்."

"நேரா ஒரு போன் பண்ணியிருக்கலாமே. நடுவுல ஒருத்தனுக்குத் தரகு எதுக்கு?"

"பண்ணியிருந்தா எடுத்திருப்பியா?"

ஹைடி காரின் சாவியை நீட்டினாள்.

டிக்கியைத் திறந்த ராட்னிக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காபித்தூள் டப்பா ஆறு, ஜாம் பாட்டில்கள், காய்ந்த ரொட்டி மூட்டை, நீராவிக் குளியலுக்கான சௌனா வாளி. லேக் வொர்த்தில் கடையே கிடையாது என்பது போல ஒவ்வொரு வருஷமும் நம் பெண்கள் செய்கிற வேலை இது. காருக்குத்தான் இன்சூரன்ஸ், டிக்கிக்குள் இருப்பதற்கு இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது.

"பாட்டில் உடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றான் பொதுவாக.

"உடைஞ்சா உடையட்டும், யாரு உன்னைக் கேக்கப் போறா?" என்று குரல் வந்தது. லெம்பி கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு காபியும் ரொட்டியும் கொண்டுவந்தாள். வாசலுக்கு வந்தவன் எதிரியானாலும் காபி இல்லாமல் போகக் கூடாது. அது சரிதான். ஆனால் ராட்னி குடித்துவிட்டு, லாரியின் முன்சீட்டிலிருந்து நீலக் கட்டம் போட்ட துணி இரண்டை எடுத்து மடிப்புக் கலையாமல் லெம்பி கையில் வைத்தான்.

"துவைச்சுட்டேன் அம்மா."

ஹைடிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சர்ச்சுக்குப் போன ரொட்டி எல்லாம் எந்தச் சர்ச்சுக்குப் போயிற்று!

"எத்தனை வருஷமா அம்மா?"

"குளிருது, வேலையைப் பாருங்க" என்றாள் லெம்பி.

அம்மாவுக்கு எப்போதுமே இளகின மனசு, தெருநாய்க்கும் சோறு போடுவாள் என்று ஹைடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏற்றுவதற்கு முன் காரைச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும். ராட்னி இன்னமும் காகிதச் சீட்டுதான் வைத்திருக்கிறான். அதில் காரின் படம் போட்டிருக்கும். எங்கெங்கே கீறல், எங்கெங்கே நசுங்கல் என்று பெருக்கல் குறி போடுவான். குறி போட்டதெல்லாம் பழசு. குறி இல்லாத இடத்தில், இறக்கும்போது ஏதாவது இருந்தால், அது வழியில் லாரிக்காரன் செய்தது. அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

முன்கண்ணாடியில் கல் தெறித்தது, ஒரு குறி. பம்பரில் துரு, ஒரு குறி. வலது கதவில் நீளக் கீறல், ஒரு குறி. ராட்னி சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தான்.

இடது பின்கதவில் உருளைக்கிழங்கு அளவு ஒரு பள்ளம் இருக்கிறது. ஆர்வோவுக்கு ஒன்பது வயதில், முற்றத்தில் ராட்னி தண்ணீர் விட்டு உறையவைத்துக் கொடுத்த தரையில், பையன் ஹாக்கி மட்டையால் ஓங்கி அடித்தது. அன்று பிள்ளை பயந்துபோய்க் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டான். ரெய்னோ அதைச் சரிசெய்யவே விடவில்லை. இன்றைக்கும் காரில் ஏறுமுன் அவர் கை ஒரு தரம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.

ராட்னியின் பேனா அங்கே நின்றது. பிறகு குறி போடாமல் அடுத்த பக்கம் போய்விட்டது. ஹைடி பார்த்தாள்.

"வண்டியோட சொந்தக்காரர் கையெழுத்து வேணும்" என்றான் ராட்னி, சீட்டைப் பார்த்தபடி.

"நான் போடறேன்."

"வண்டி அவர் பேர்ல இருக்கு. அங்க இறக்கும்போது அவரும் கையெழுத்துப் போடணும். ரெண்டும் ஒத்துப்போகணும்."

"உள்ள எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வரேன், கொடு."

அதற்குள் கதவு திறந்தது. ரெய்னோ கோட்டுகூடப் போடாமல் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். வாசல்படி மூன்றையும் ஒவ்வொன்றாக இறங்கினார். தாங்கப் போன ஹைடியைத் தடியாலேயே விலக்கினார்.

"சீட்டைக் காட்டு."

"இங்க போடணும், மிஸ்டர் கங்காஸ்."

ஒரு காலத்தில் ராட்னி அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குச் சொந்த அப்பா கிடையாது. இப்போது மிஸ்டர் கங்காஸ். ரெய்னோ சீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எல்லாம் எழுதிட்டேன்."

"இடது பக்கம், பின் கதவு."

"அது பரவால்ல."

"பரவால்லன்னா? எழுதாம விட்டா நீ பண்ணினதுன்னு ஆயிடும். உன் பேர்ல ஏறும்."

"ஏறட்டும். அதைப் போய் நசுங்கல்னு எழுத என்னால முடியாது."

"எழுது ராட்னி."

ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. ராட்னி தலையைக் குனிந்துகொண்டு நின்றானே தவிர எழுதவில்லை. ரெய்னோ பேனாவைப் பிடுங்கிச் சீட்டிலிருந்த கதவின் மேல் தானே குறி போட்டார். அது கோணலாக விழுந்தது.

"நீ பண்ணாததை எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு உன் தலையில எழுதிக்குவே?"

"அப்பா, வேணாம்" என்றான் ராட்னி. பழைய வார்த்தை தன்னை மீறி வந்துவிட்டது. "இருட்டறதுக்குள்ள நான் பாலம் தாண்டணும். கையெழுத்தைப் போட்டுட்டு உள்ள போங்க. குளிருது."

ஹைடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன வேணாம்? எதைப் பத்திப் பேசறீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல ஹைடி."

"உன்னைக் கேக்கல. அப்பா, என்ன அது?"

ரெய்னோ அவளைப் பார்க்கவில்லை. கதவிலிருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்குக் காலையில இவனுக்குப் போன் பண்ணினது நான்தான். ஐஸ் பன்னண்டு அங்குலம் இருக்கு, பிக்கப் தாங்கும், பையனையும் கூட்டிட்டு வான்னு சொன்னேன்."

"நீங்க அளந்தீங்களா?"

"இல்ல."

"அப்பா, துளை போட்டுப் பாத்தீங்களா இல்லையா?"

"போடல. கரையோரமா ஐஸ் மேல வேற எவனோ வண்டியை நிறுத்தியிருந்தான். அது நிக்குதே, இதுவும் நிக்கும்னு நினைச்சேன். குளிர்ல இறங்கி நடக்கச் சோம்பலா இருந்துச்சு. வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லிட்டேன்."

கால்வாய்ப் பக்கமிருந்து காற்று ஏறி வந்தது. லாரியின் சங்கிலி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஹைடி ராட்னி பக்கம் திரும்பினாள். அவள் குரல் அவளுடையதாகவே இல்லை.

"நானேதான் பாத்தேன்னு சொன்னியே. ஷெரிஃப்கிட்ட சொன்னே. என்கிட்ட சொன்னே. நான் சட்டையைப் பிடிச்சுக் கேட்டப்பவும் அதையேதான் சொன்னே."

"ஓட்டினது நான்தானே."

"ராட்னி!"

"அன்னிக்கு உனக்குப் பிள்ளை போயிடுச்சு. அப்பாவும் போகணுமான்னு நினைச்சேன்."

"அதனால புருஷனைத் தொலைச்சேன்" என்றாள் ஹைடி. அப்புறம் ரெய்னோவிடம், "இவனைக் கொலைகாரன்னு நான் சொன்னப்ப நீங்க பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்தீங்க அப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.



படியில் நின்ற லெம்பி நீலத் துணிகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஹைடியின் பார்வை அந்தத் துணியில் போய் நின்றது. வாரம் ஒரு ரொட்டி, ஆறு வருஷம்.

"அம்மா, உனக்கு?"

"டெலிபோன் சமையலறையிலதானே இருக்கு" என்றாள் லெம்பி, மெதுவாக.

ரெய்னோ சீட்டில் கையெழுத்துப் போட்டார். ராட்னி மூன்று நகலில் ஒன்றைக் கிழித்து, வாங்க யாரும் கை நீட்டாததால் படிமேல் வைத்து அதன்மேல் ஒரு கல்லை வைத்தான். ப்யூக்கை ஏற்றி நாலு சக்கரத்தையும் பட்டை போட்டு இறுக்கினான். ஹைடி பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவள் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கார் ஏறிவிட்டது. பத்து நாளாக இந்த வீடு தவம் கிடந்தது இதற்குத்தான்.

ஹைடி உள்ளே வந்தபோது டெலிபோன் அடித்தது. டிரெவர்தான். குரலில் தேன் திரும்பியிருந்தது.

"மேடம், பத்திரமா ஏறிடுச்சா? டிரைவர் எப்படி நடந்துக்கிட்டார்? அஞ்சு நட்சத்திரத்துல எத்தனை கொடுப்பீங்க?"

அவள் டெலிபோனை வைக்கவில்லை, அப்படியே மேஜையில் படுக்கப் போட்டாள். அது "மேடம்? மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கைப்பையைத் திறந்து செவ்வாய்க்கிழமை விமானத்துக்கான மூன்று டிக்கெட்டையும் எடுத்தாள். தன்னுடையதை மட்டும் இரண்டாகக் கிழித்தாள். இல்லத்தின் விண்ணப்பத்தை விரித்து, மீதி இரண்டு டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"காருக்கு வழி பண்ணிட்டேன் அப்பா. நீங்க எப்படிப் போறீங்க, எங்க போறீங்கன்னு நீங்களே பாத்துக்குங்க."

"ஹைடி, கோட்டையாவது போட்டுக்கோடி" என்றாள் லெம்பி.

அவள் வீட்டுச் செருப்போடு, கோட்டு இல்லாமல், சரிவுப் பாதையில் இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

ரெய்னோவுக்கு அவள் போவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்ப்பதற்கு ஒரே ஜன்னல்தான் இருந்தது. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து இழுத்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு அதைக் கால்வாய்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

தண்ணீர் இன்னும் உறையவில்லை. கருப்பாகக் கிடந்தது. அதை ஒட்டிய வளைவில் அவருடைய காரைச் சுமந்துகொண்டு லாரி போய்க்கொண்டிருந்தது. அதற்கு வெகு பின்னால் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். லாரியின் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ராட்னி அவளைக் கண்டு நிறுத்தினானா, இல்லை வளைவுக்காக வேகத்தைக் குறைத்தானா என்று ரெய்னோவுக்குத் தெரியவில்லை.

"என்ன தெரியுது?" என்று லெம்பி பின்னாலிருந்து கேட்டாள்.

"தண்ணிதான் தெரியுது" என்றார்.